பூட்டிய அலமாரி

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தையே தொடுவதில்லை, சார்!" என்று அங்கலாய்த்தார் தலைமையாசிரியர். ஒரு பள்ளிக்கூடத்து இலக்கிய மன்ற விழாவில் பேசப் போயிருந்தேன். எனக்குக் காப்பி கொடுத்து உபசரித்த அறையில் ஒரு கண்ணாடி அலமாரி, உள்ளே வரிசையாகப் புத்தகங்கள், வெளியே பூட்டு. சாவி தமிழாசிரியரிடமாம். அவரைக் கேட்டேன். "பிள்ளைகள் தொலைத்தால் நான்தானே கைக்காசு போட்டுக் கட்டணும்?" என்றார்.

அவர் பயம் வாஸ்தவமானது. அதை நான் கேலி செய்யமாட்டேன். தொலையும் புத்தகத்தைக் கணக்கிலிருந்து கழிக்க மேலிடம்தான் வழி செய்ய வேண்டும். ஆனால் பூட்டி வைத்ததைத் தொடவில்லை என்று பிள்ளையைக் குற்றம் சாட்டுவது என்ன நியாயம்?

சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலிடம் புத்தகத்தின் உபயோகத்துக்கு, பாதுகாப்புக்கு அல்ல.

செல்போன்தான் காரணம் என்கிறார்கள். ஓரளவு மெய்தான். ஆனால் அது வருவதற்கு முன்பே நாம் ஒரு காரியம் செய்து வைத்திருந்தோம். துணைப்பாடக் கதையை முடித்த மறுநிமிஷம், "இதனால் அறியும் நீதி யாது?" என்று கேட்டோம். பதினாலு வயசுப் பிள்ளை சிரிக்கவோ அழவோ அவகாசம் ஏது? என் கதை ஒன்றும் பாடமாயிற்று. அதில் நான் சொன்ன கருத்துக்களை நோட்ஸில் படித்துப் பார்த்தேன். சத்தியமாக, அந்தப் பரீட்சையில் நான் தேறியிருக்கமாட்டேன்!

ஆசிரியர்களே, வாரம் பத்து நிமிஷம் உங்களுக்குப் பிடித்த கதையை உரக்க வாசியுங்கள். சுவாரஸ்யமான இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தை மேஜைமேல் விட்டுப் போங்கள். 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாரா வாரம் வாசகரைக் காக்க வைத்தது இப்படித்தான். கேள்வி கேட்காதீர்கள். துப்பறியும் நாவலைப் பிடுங்காதீர்கள். நானே அந்த வாசல் வழியாக வந்தவன். பிடித்த கதை என்று உங்களுக்கு ஒன்றுமே இல்லையென்றால், கோளாறு பிள்ளைகளிடம் இல்லை.

புறப்படும்போது ஒரு மாணவி வந்து, "அலமாரியில் உங்க புத்தகம் இருக்கு சார். முதுகு மட்டும் பார்த்திருக்கேன்" என்றாள். பையிலிருந்த பிரதியைக் கொடுத்தேன்.

"தொலைஞ்சுட்டா?"

"படித்துவிட்டுத் தொலைத்தால் சரி, அம்மா" என்றேன்.