நுனியை வெட்டினால் நீளம் போய்விடுமா?



கூந்தலை நீளமாக வளர்க்க விரும்பும் பெண்களுக்கு ஓர் இக்கட்டு எப்படியும் வந்து சேரும். நுனி பிளந்து, வறண்டு, தும்புக்கட்டைபோல் ஆகிவிடும். வெட்டினால் இத்தனை நாள் காத்த நீளம் போகும். வெட்டாவிட்டால் பின்னல் எலிவால்போல் மெலியும். என்னதான் செய்வது?

பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார்கள் முதல் ஆசிரியர் அறை வரை இந்தப் பேச்சு அடிக்கடி எழுகின்றது. "முடி வளர்க்கும்போது கத்தரிக்கோலே படக்கூடாது" என்பது ஒரு சாராரின் கட்சி. "அடிக்கடி வெட்டினால்தான் வேகமாக வளரும்" என்பது மறு சாராரின் கட்சி. இரண்டுமே தவறு என்பதுதான் என் கருத்து.

எனக்கு இது வெறும் அழகைப் பற்றிய கேள்வி அன்று. என் தமக்கையார் புற்றுநோய்க்கு மருத்துவம் பெற்ற காலத்தில் தம் கூந்தலை முழுவதுமாக இழந்தார். நோயின் வலியைப் பொறுத்துக்கொண்டவர், கண்ணாடி முன் நிற்பதை மட்டும் பொறுக்கமாட்டாமல் தவித்தார். யாரோ முகமறியாத ஒருவர் கொடுத்த முடியால் செய்த விக் அவரை மறுபடியும் வீட்டைவிட்டு வெளியே வரச் செய்தது. அந்தக் கடனைத் திருப்பித் தரவே நானும் இப்போது முடி வளர்க்கின்றேன். முடிக்கொடை பெறும் அமைப்புகளில் 25 செ.மீ. கேட்பவை உண்டு, 30 செ.மீ.க்கு மேல் கேட்பவையும் உண்டு. ஆகவே, ஒவ்வொரு செ.மீ.யும் எனக்குக் கணக்குதான். இருந்தும் நான் நுனியை வெட்டுகின்றேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

வேர் வேறு, நுனி வேறு

முடி வளர்வது தலைத்தோலுக்குள் இருக்கும் வேரில். வெளியே நாம் காண்பது உயிரற்ற இழை. நுனியில் கத்தரி பட்டது வேருக்குத் தெரியவே தெரியாது. எனவே, வெட்டினால் வேகமாக வளரும் என்பது வெறும் நம்பிக்கை.

உயிரற்ற இழை என்பதால் மற்றோர் உண்மையும் பின்தொடர்கின்றது. தோலில் பட்ட காயம் ஆறும். முடியில் பட்ட காயம் ஆறாது. முடியின் மேற்புறத்தைக் கூரை ஓடுகள்போல் மெல்லிய செதில்கள் மூடியிருக்கின்றன. வெயில், நீச்சல் குளத்து நீர், சூடான இஸ்திரிக் கருவி, சாயம், ரீபாண்டிங் எனப்படும் முடி நேராக்கல் ஆகியவை அந்தச் செதில்களைப் பெயர்த்துவிடுகின்றன. உள்ளிருக்கும் நார் வெளிப்பட்டுப் பிளக்கின்றது. பிளந்ததைப் பூச்சுகள் சில நாள் ஒட்டிவைக்கலாம். நிலையாக இணைக்க எந்தப் பூச்சாலும் இயலாது.

கணக்கு என்ன சொல்கிறது?

முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1.25 செ.மீ. வளர்கின்றது, ஆண்டுக்கு 15 செ.மீ. என்று கொள்ளலாம். 75 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயது ஐந்து. இடுப்புவரை பின்னல் தொங்கும் ஆறாம் ஆண்டு மாணவியின் நுனிமுடி, அவள் முதலாம் ஆண்டு வகுப்பில் அடியெடுத்து வைத்தபோது முளைத்தது! ஐந்தாண்டு வெயிலையும் சீப்பையும் கண்ட இழை களைத்துப் போவதில் வியப்பென்ன?

இப்போது வெட்டும் கணக்கைப் பார்ப்போம். ஆறு வாரத்திற்கு ஒரு முறை 2 செ.மீ. வெட்டினால் ஆண்டுக்கு 16 செ.மீ.க்கு மேல் போய்விடும். வளர்ந்ததைவிட வெட்டியது மிகுதி! முடி வளரவே இல்லை என்று பின்னர் வருந்திப் பயனில்லை. மாறாக, நான்கு மாதத்திற்கு ஒரு முறை 1 செ.மீ. மட்டும் எடுத்தால் போவது 3 செ.மீ.; மிஞ்சுவது 12 செ.மீ. அறவே வெட்டாமல் விட்டால் பிளவு மேலேறி, முடி தானே ஒடியும். கத்தரி எடுத்தால் அளவோடு போகும். ஒடிந்தால் அளவின்றிப் போகும்.

வெட்டவேண்டுமா என்று எப்படி அறிவது?

1. சீப்பில் வரும் முடியைப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெண்ணிறக் குமிழ் இருந்தால் அது இயல்பாக உதிர்ந்தது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிரலாம். குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் மிகுந்தால் முடி ஒடிகின்றது என்று பொருள்.

2. நுனியைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டால் அந்த இடத்தில் ஒடியப் போகின்றது.

3. நுனியில் மட்டும் ஓயாமல் சிக்கு விழுந்தால் செதில்கள் பெயர்ந்திருக்கக் கூடும்.

இவை எதுவும் இல்லையென்றால் நாள்காட்டியைப் பார்த்து வெட்டவேண்டியதில்லை. சேதம் நுனியோடு நின்றால் சிறிதளவு போதும். இரசாயன மருந்தினால் பாதிக்கூந்தல் வரை ஒடிகின்றது என்றால் இரண்டே வழி: ஒரேயடியாக வெட்டித் தொடங்குவது, அல்லது புது முடி வளர வளரப் பழையதைப் படிப்படியாகக் குறைப்பது. முன்னதற்குத் துணிவு வேண்டும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். எதைத் தேர்ந்தாலும் இழுக்கில்லை.

எதை வெட்டினாலும் கூரிய முடிவெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். காகிதம் வெட்டும் மழுங்கிய கத்தரி முடியை நசுக்கிப் புதுப் பிளவுக்கு வழிசெய்யும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். அது முடியின் புரத இழப்பைக் குறைக்கின்றது என்று 2003ஆம் ஆண்டில் மும்பை ஆய்வாளர்கள் எழுதினர். அவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சார்ந்தவர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எனினும், எண்ணெய் காக்குமேயன்றிப் பிளந்ததைச் சேர்க்காது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

காலையில் அவசர அவசரமாக ஈரத்தலையை இழுத்து இறுக்கிப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஈரமுடி எளிதில் நீண்டு ஒடியும். நாள்தோறும் இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்து வேர்களும் நலியும். முதல்நாள் மாலையிலேயே தலைகுளிக்க வைத்து, உலர்த்தி, தளரப் பின்னுங்கள்.

அதைவிட முகாமையானது ஒன்று உண்டு. "பெண் பிள்ளை முடியை வெட்டலாமா?" என்று ஊர் கேட்கும் என அஞ்சி, பிளந்து சிக்குண்ட கூந்தலை அந்தப் பிள்ளையின் தலையில் சுமத்தாதீர்கள். சிக்கெடுக்கும்போது அழுவது ஊரன்று, உங்கள் மகள். அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நான் கொடுக்கப் போகும் முடி யாரோ ஒருவரின் தலையில் இருக்கப் போகின்றது. பிளந்து ஒடியும் 40 செ.மீ.யைவிட, நலமான 30 செ.மீ. அவருக்கு நெடுநாள் உழைக்கும். நம் தலையில் இருக்கும் முடிக்கும் இதே நியாயந்தான். வளர்ப்பது என்பது எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பதன்று. கெட்டதைக் காலத்தே களைவதும் வளர்ப்பின் பகுதியே.