எஞ்சிய ஒரு மணி

“ஆண்டவர் உள்ளத்தைத்தானே பார்க்கிறார், சாமி?” நற்கருணை நோன்பைப் பற்றிப் பேசினால் வரும் பதில் இது. உள்ளம் உடலை வீட்டில் விட்டுவிட்டா கோயிலுக்கு வருகிறது?

முன்னாளில் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாமலே நன்மை வாங்கினர். 1953-இல் தண்ணீருக்கு அனுமதி தந்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், 1957-இல் நோன்பை மூன்று மணி நேரமாக்கினார். ஆறாம் சின்னப்பர் 1964-இல் ஒரு மணி நேரமாகக் குறைத்தார். முதியோர்க்கும் நோயாளர்க்கும் அந்தக் கட்டும் இல்லை. இத்துணை இரங்கிய திருச்சபை எஞ்சவிட்ட அந்த ஒரு மணியையும், மறையுரை முடியும்வரை வாசல் தேநீர்க் கடையில் தொலைத்துவிட்டு, நன்மை வரிசையில் முந்தி நிற்கிறோம். திருமண வீட்டுக்கென்றால் முந்திய இரவே உடை தேய்த்து வைக்கும் நாம்!

குருக்களையும் விடுவதற்கில்லை. கைப்பேசியில் பேசிக்கொண்டே பூசை உடுப்பு அணிகிறவர் (அடியேனும் அணிந்ததுண்டு) எந்த வாயால் மக்களைக் கண்டிப்பார்?