சைக்கிள் வாங்குமுன் பாதையைக் கேளுங்கள்!



கார்பன் சைக்கிள் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலைப் பாதைகளில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் கார்பன் சைக்கிள்களும் உண்டு. ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் விலை மோட்டார் சைக்கிளின் விலையையும் தாண்டிவிடும். அது கைக்கு எட்டாது என்பதால், முன்பக்கம் ஸ்பிரிங் வைத்து, 'மலைச் சைக்கிள்' என்று பெயரிட்டு விற்பதையாவது வாங்கித் தரும்படி வீட்டில் அடம்பிடிப்பவர்கள் பலர். "நம் ஊர்ப் பாதை மோசம், அதனால்தான் கேட்கிறேன்" என்பது அவர்கள் சொல்லும் காரணம். பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூச்சப்படுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பாதை மோசம் என்பது உண்மை. ஆனால் அதற்கு மருந்து கார்பனும் ஸ்பிரிங்கும்தானா? இல்லை என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் பாதைகளையே எடுத்துக்கொள்வோம். செம்பூராங்கல் சரளை, கண்மாய்க் கரையின் ஒற்றையடிப் பாதை, மழைக்குப் பின் வண்டித் தடம் பதிந்து காய்ந்த மண், எங்கும் சீமைக் கருவேல முள். நார்த்தாமலை போன்ற குன்றுகள் இருந்தாலும், பெரும்பகுதி சமதரைதான். இந்தப் பாதைக்கு என்ன தேவை?

முதலில், கார்பனுக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுவோம். ஒருவகைச் செயற்கை நாரைக் காற்றுப் படாமல் 1000 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாக்கினால், பெரும்பாலும் கார்பன் மட்டுமே எஞ்சும். அந்த மெல்லிய இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் சைக்கிளின் பிரேமைச் செய்கிறார்கள். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு ஏறத்தாழ 7.8 கிராம். அதே அளவு கார்பன் இழைப் பொருள் 1.6 கிராம்தான். இழை ஓடும் திசையில் அதன் வலிமை மிக அதிகம். எந்தப் பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும், எந்தப் பக்கம் சற்று வளைந்து கொடுக்க வேண்டும் என்பதை, இழைகளை அடுக்கும் திசையைக் கொண்டே தீர்மானித்துவிடலாம்.

இதில் ஒரு வியப்பு உண்டு. பாறைப் பாதையில் ஓட்டிப் பழகிய வீரர்களில் சிலர், ஸ்பிரிங்கே இல்லாத கார்பன் சைக்கிளைத் தேடி வாங்குகிறார்கள்! ஸ்பிரிங் இல்லாவிட்டால் எடை குறையும். தூசி புகுந்து தேயும் உறுப்புகள் இரா. மிதிக்கும் விசையில் ஒரு பகுதி ஸ்பிரிங்கை அமுக்குவதில் வீணாகாது. அப்படியானால் குலுக்கலைத் தாங்குவது யார்? மடங்கிய முழங்காலும் முழங்கையும், அகலமான டயரும்தான்.

டயர் ஒரு ஸ்பிரிங்கா? ஆம், காற்றுதான் அந்த ஸ்பிரிங். 1888இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியதே குலுக்கலைக் குறைக்கத்தான். 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமல்பாயிஸ் மலைச்சரிவில் இளைஞர்கள் மலைச் சைக்கிள் விளையாட்டைத் தொடங்கினார்கள். அவர்கள் ஓட்டியவை அகல டயர் மாட்டிய பழைய இரும்புச் சைக்கிள்கள். மலைச் சைக்கிளுக்கான ஸ்பிரிங் போர்க் 1989இல்தான் கடைக்கு வந்தது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பின் சக்கரத்தின் மேல் 45 கிலோ எடை இருக்கிறது. டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தத்தில் காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 15 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் 2 கிலோ என்றால் பரப்பு 22 சதுர சென்டிமீட்டருக்கும் மேல். பரப்பு கூடினால் சரளையில் சறுக்கல் குறையும், குலுக்கலும் குறையும். ஆனால் ஒல்லியான டயரில் காற்றை அதிகம் குறைத்தால், கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி ஓட்டையாகிவிடும். ஆகவே பிரேமும் போர்க்கும் இடம் தரும் அளவுக்கு அகலமான டயரைப் போடுவதே அறிவு.

எடைக்கு வருவோம். நீங்கள் 50 கிலோ, சைக்கிள் 20 கிலோ. சைக்கிளை 10 கிலோவாகக் குறைத்தால் மொத்தம் 70 கிலோ 60 கிலோவாகும். மேட்டில் ஏறும்போது ஏழில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். நல்லதுதான். ஆனால் சமதரையில் சீராக ஓட்டும்போது எதிர்ப்பது பெரும்பாலும் காற்றும் டயரின் உருளலும்தான். அங்கே எடை குறைவதன் பயன் சிறிது. கேரியரில் ஒரு குடம் தண்ணீர் வைத்தாலோ, மிச்சம் பிடித்த 10 கிலோவும் திரும்பி வந்துவிடும்!

சுமை என்றதும் புதுக்கோட்டைப் பெண்களை நினைக்க வேண்டும். 1991இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கிடைத்தது ஆண்கள் சைக்கிள். சிலர் அதையே விரும்பினார்கள். ஏன் தெரியுமா? அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்! தண்ணீர்க் குடம், விளைபொருள், குழந்தை என்று எல்லாம் அந்த இரும்புச் சைக்கிள்களில் போயின. விளம்பரம் பார்த்து அவர்கள் முடிவு செய்யவில்லை. தங்கள் தேவையைப் பார்த்தார்கள். இதைவிடச் சிறந்த தேர்வு முறை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று பழுது. இரும்பு பெரும்பாலும் உடையுமுன் வளையும், கண்ணுக்குத் தெரியும். விரிசல் விட்டால் பக்கத்து ஊர்ப் பட்டறையில் பற்றவைத்துவிடலாம். கார்பன் பிரேமில் கூரிய கல் ஓங்கி அடித்தால், வெளியே கீறல் மட்டும் தெரிய, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதைச் சோதிக்கவும் சரிசெய்யவும் தனிப் பயிற்சி வேண்டும். முள்ளுக்கோ இரண்டும் ஒன்றுதான். எத்தனை இலட்சம் கொடுத்தாலும் கருவேல முள் மரியாதை காட்டாது!

"அப்படியானால் குறைந்த விலை ஸ்பிரிங் சைக்கிள்?" என்று கேட்பீர்கள். அதுதான் மிக மோசமான பேரம் என்பேன். அந்த போர்க் மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். குறைந்த விலைக்குள் ஸ்பிரிங்கும் வைக்க வேண்டுமானால் பிரேக்கிலும் சக்கரத்திலும் கைவைக்கத்தான் வேண்டும். கரட்டுப் பாதையில் உங்கள் உயிரைக் காப்பவை அவை இரண்டும்தான்.

ஆகவே, நண்பர்களே, மலைப் போட்டிகளில் இறங்குகிறவருக்குக் கார்பன் ஏற்றது, அதில் தவறில்லை. பள்ளிக்கும் வயலுக்கும் கடைக்கும் போகிறவருக்கு ஸ்பிரிங் இல்லாத இரும்புச் சைக்கிளே போதும். வீட்டாரைக் கடன்பட வைக்காதீர்கள். இருக்கும் சைக்கிளுக்கு நல்ல பிரேக் கட்டை, தேயாத டயர், உயரத்துக்கு ஏற்ற சீட் ஆகியவற்றுக்குச் செலவிடுங்கள்.

இன்றே உங்கள் சைக்கிளில் செயின் வீலின் பற்களையும் பின் சக்கரப் பிரீவீலின் பற்களையும் எண்ணுங்கள். 44உம் 18உம் என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்ற, சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். பிரீவீலில் 22 பல் இருந்தால் இரண்டே சுற்று. இவற்றில் எது மேட்டில் ஏற எளிது? ஏன்? சிந்தித்துப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவரை எந்த விளம்பரமும் எளிதில் ஏமாற்ற முடியாது.