மஞ்சள் கோட்டுக்குள் என்ன இருக்கிறது?

வரைபடத்தில் இடிக்கப்போகும் பகுதியை மஞ்சள் சாய்கோடு போட்டுக் காட்ட வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் வழக்கம். புதிதாகக் கட்டுவது சிவப்பில் வரும். அனுமதி கொடுப்பவர் பார்ப்பது சிவப்பைத்தான்: பக்க இடைவெளி எவ்வளவு, தளப்பரப்பு குறியீடு மீறுகிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா. மஞ்சளை யாரும் கேட்பதில்லை. அது ஆஸ்பெஸ்டாஸ் கூரையா, ஓட்டுக் கூரையா என்று கோடு சொல்லாது.

கீழே ஒரு வீடு இருக்க, மொட்டை மாடியில் இன்னொரு வீடு எடுப்பது நமக்கு அன்றாட வேலை. மகனுக்குக் கல்யாணம் என்பார்கள், வாடகை வந்தால் கடன் அடையும் என்பார்கள். தனிப் படிக்கட்டு, தனி மீட்டர். இன்னொரு நூறு யூனிட் இலவச மின்சாரம் கிடைக்கும் என்ற கணக்கும் அதற்குள் இருக்கும். அந்த மாடியில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு ஷீட் கொட்டகை நிற்கும். இருபது முப்பது வருடத்துக்கு முன் துணி காயப்போடவோ, பேச்சிலர்களுக்கு வாடகைக்கு விடவோ போட்டது. புது வீடு எழும்ப வேண்டுமானால் முதலில் அது இறங்க வேண்டும்.

அனுமதி வாங்குவது எளிதாகிவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், தெளிவில்லாமல் கிடந்த பலவற்றை ஒரே புத்தகத்தில் கொண்டுவந்தன. 2024 ஜூலையில் வந்த சுய சான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமான வீட்டுக்கு இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. நம் மாடி வேலை அந்த வழியில் போனாலும் சரி, பழைய வழியில் போனாலும் சரி, காலம் போகும் திசை ஒன்றுதான். முன்பு அதிகாரி வந்து பார்த்துப் பொறுப்பேற்றார். இனி கையெழுத்துப் போடும் பொறியாளர்தான் பார்த்தவர். அவர் பார்க்காமல் விட்டதைப் பார்க்க அவருக்குப் பின்னால் ஆள் இல்லை.

கலிபோர்னியாவில் இதே கதை வேறு மாதிரி நடந்தது. வீட்டுப் பஞ்சம் தாங்காமல் கொல்லைப்புறத்திலும் கார் ஷெட்டிலும் இரண்டாவது வீடு கட்டுவதை அந்த மாநிலம் தாராளமாக்கியது. 2020-இலிருந்து, முழுமையான விண்ணப்பம் வந்தால் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தெருக்காரர்களைக் கூப்பிட்டு விசாரணை வைக்கக் கூடாது. ஆனால் பழைய ஷெட்டை இடிக்க அனுமதிச் சீட்டு வேண்டுமென்றால், ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய அறிவிப்பின் நகலையோ, அது தங்களுக்குப் பொருந்தாது என்ற உறுதிமொழியையோ முதலில் காட்ட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் இடிப்பதற்கு 10 வேலை நாள் முன்பே காற்றுத் தர வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். 1978-க்கு முந்தைய வீடு என்றால், உள்ளே 6 சதுர அடிக்கு மேல் பழைய பெயின்ட்டைக் கிளறினாலே கூட்டரசின் ஈய விதி வந்து நிற்கும். கட்டும் அனுமதியைத் தளர்த்தியவர்கள் தூசியைத் தளர்த்தவில்லை. நாம் முதலாவதைச் செய்துவிட்டோம். இரண்டாவது நம்மிடம் எப்போதுமே இருந்ததில்லை.

விதியே இல்லை என்று சொல்லவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்தது. அபாயகரக் கழிவு விதிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. ஆனால் அது உற்பத்தி ஆலையின் கழிவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2016-இன் இடிபாட்டுக் கழிவு விதிகள், ஒரு நாளில் 20 டன்னோ மாதத்துக்கு 300 டன்னோ உண்டாக்குபவரிடம்தான் மேலாண்மைத் திட்டம் கேட்டன. அடுத்து வந்த 2025 விதிகளின் கண் 20,000 சதுர மீட்டர் திட்டங்கள் மேல். ஒரு மாடிக் கொட்டகை இந்தச் சல்லடை எல்லாவற்றிலும் கீழே விழுந்துவிடும். ஷீட்டோ இன்னமும் கடையில் சட்டப்படி விற்கும் பொருள். கடையில் கிடைப்பதை எதற்குப் பயப்பட வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டால் சட்டென்று பதில் வராது.

பதில் இதுதான்: கூரையில் சும்மா கிடக்கும் ஷீட்டை விட உடையும் ஷீட் ஆபத்து. சிமென்ட் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் கல்நார் இழை வெட்டும்போதும் நொறுக்கும்போதும் வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியாது, மூச்சில் போய் நுரையீரலில் தங்கும், நோயாக வெளிப்பட இருபது நாற்பது வருடம் ஆகும். அதற்குள் ஷீட்டை உடைத்த சித்தாள் எத்தனை ஊரில் எத்தனை வேலை பார்த்திருப்பார்! எந்த வேலையால் வந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை.

நம் களத்தில் நடப்பது என்ன? ஜே-போல்ட் துருப்பிடித்துக் கழலாது. ஒருவர் சுத்தியலால் அடிப்பார், இன்னொருவர் கிரைண்டர் வைப்பார். உடைந்த துண்டுகள் மாடியிலிருந்தே கீழே விழும். பாதி தரை நிரவலுக்குள் போகும், மீதி தெருமுனையில் கிடக்கும். சித்தாள் முகத்தில் ஈரத் துண்டு. அது சிமென்ட் மாவைத் தடுக்கலாம், இந்த இழையைத் தடுக்காது. ஒரு முரண்: பழைய கட்டடச் சாமான் கடையில் முழு ஷீட்டுக்கு விலை உண்டு என்பதால் மேஸ்திரி உடையாமல் இறக்கப் பார்ப்பார். மறுவிற்பனையை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் இதுவரை நம் தொழிலாளியின் நுரையீரலைக் கொஞ்சமாவது காப்பாற்றியது அந்த விலைதான்.

பிரிக்கும் முறை கடினமானதல்ல. தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டே வேலை செய்வது, போல்ட்டை மட்டும் கட்டர் கொண்டு நறுக்குவது, ஷீட்டை முழுசாகக் கயிறு கட்டி இறக்குவது, கெட்டி பாலிதீனில் சுற்றுவது, கூட்டாமல் ஈரத்துணியால் துடைப்பது, நுண்துகள் தடுக்கும் முகக்கவசம். ஷீட் மேல் நேராக ஏறி நிற்காமல் பலகை போட்டு நிற்பதும் இதில் சேரும். விழுந்தால் இருபது வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. ஷீட்டில் ஐ.எஸ். 459 என்ற முத்திரை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ். முத்திரை அழிந்திருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்வது நல்லது; ஆய்வகப் பரிசோதனையால் மட்டுமே மறுக்க முடியும். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது மட்டும் உண்மையிலேயே சிக்கல். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் உள்ள இடிபாட்டு ஆலைகள் கான்கிரீட்டை அரைத்து மறுபடி பயன்படுத்துவதற்கானவை. அரைவை இயந்திரத்துக்குள் போகவே கூடாத பொருள் இது. சிறு வீடுகளிலிருந்து இதைத் தனியாக வாங்கிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று மாநகராட்சிகளிடம் நம் பொறியாளர் சங்கங்கள் எழுதிக் கேட்கலாம்.

பெயின்ட்டையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எனாமல் பூசிய கதவையும் கிரில்லையும் உலர்வாக எமரி போட்டுத் தேய்க்காதீர்கள், கீழ் வீட்டில் குழந்தை இருந்தால் கண்டிப்பாக.

எஸ்டிமேட்டில் கம்பிக்குக் கிலோக் கணக்கு, கான்கிரீட்டுக்குக் கன மீட்டர் கணக்கு. மஞ்சள் கோட்டுக்கு மட்டும் ‘பழைய ஷீட் பிரித்து அப்புறப்படுத்துதல் – லம்ப்சம்’ என்று ஒற்றை வரி. அந்த லம்ப்சத்தை உடைத்து, பரிசோதனை, நனைத்துப் பிரித்தல், முகக்கவசம், சுற்றிக் கட்டுதல், ஏற்றிச் செல்லுதல் என்று ஐந்து வரியாக எழுதிப் பாருங்கள். ஐந்துக்கும் வீட்டுக்காரர் காரணம் கேட்பார், பேரம் பேசுவார். சுற்றிக் கட்டுவதில் வேண்டுமானால் குறைக்கலாம். முகக்கவசத்தில் குறைக்க முடியாது என்று சொல்ல அப்போது கையில் ஒரு வரியாவது இருக்கும்.