ஒன்றரை அங்குலம்

மனிதனுக்கு வயதானால் முழங்கால் பேசத் தொடங்குகிறது; மோட்டார் வண்டிக்கு வயதானால் ஷாக் அப்ஸார்பர் பேசத் தொடங்குகிறது. எங்கள் வீட்டுச் சிறு வண்டிக்குப் பன்னிரண்டு வயது. சென்ற வருஷம் ஆடி மாதத்திலிருந்து, சாலையில் பள்ளம் எதிர்ப்படும் போதெல்லாம் "லொடக்" என்று ஒரு வார்த்தை சொல்லி வந்தது. முதலில் கவனியாதது போல இருந்தேன். பிறகு என் தாயார், "இந்த வண்டியில் கோவிலுக்குப் போவதற்குப் பதில் நடந்தே போகலாம், இடுப்பாவது மிஞ்சும்" என்று அருளிச் செய்தார். அதற்கு மேல் சும்மா இருக்க முடியுமா?

மெக்கானிக் வண்டியின் அடியில் புகுந்து பார்த்து, முன்புறத்து ஷாக் அப்ஸார்பர் இரண்டும் எண்ணெய் கக்கி விட்டன, லோயர் ஆர்ம் புஷ்கள் கிழிந்து விட்டன என்று தீர்ப்புக் கூறினார். பழையபடி கம்பெனிச் சாமான்களையே வாங்கிப் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் அவசியமே நேர்ந்திராது. ஆனால் எனக்கு ஒரு மைத்துனன் இருக்கிறான்.

"அத்தான், பழைய மாதிரியே போடுவானேன்? இதே பணத்தில் வெளியில் நல்ல செட் கிடைக்கிறது. வண்டி வளைவில் சாயாது. பார்க்கவும் கம்பீரமாக இருக்கும்" என்றான்.

கம்பீரம் என்னும் சொல் என்னைக் கவிழ்த்து விட்டது. சிவப்புச் சாயம் பூசிய நாலு ஸ்பிரிங்குகளும் நாலு ஷாக் அப்ஸார்பர்களும் வந்து சேர்ந்தன. அவற்றைப் பூட்டிய பிறகு வண்டி முன்னிருந்ததைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்து நின்றது. லொடக் சத்தம் போய் விட்டது. வளைவில் சாயவில்லை என்பதும் உண்மையே. மைத்துனன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, நாலு கோணங்களில் நாற்பது போட்டோ எடுத்தான்.

தாழ்ந்த வண்டியின் முதல் விரோதி நமது தெருக்களில் உள்ள வேகத்தடை. இந்திய சாலைக் காங்கிரஸ் என்று ஒரு ஸ்தாபனம் உண்டு. (காங்கிரஸ் என்றதும் அரசியல் என்று எண்ணி விட வேண்டாம், 1934-ஆம் வருஷம் முதல் சாலை இஞ்சினீயர்களுக்கு இலக்கணம் வகுத்துத் தரும் சபை அது.) வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 செண்டிமீட்டர் உயரமுமாக, மெல்ல ஏறி மெல்ல இறங்கும் மேடாக அமைய வேண்டும் என்பது அந்த இலக்கணம். எங்கள் பேட்டையில் உள்ள மேடுகளைப் போட்டவர்கள் இலக்கணம் படித்தவர்களாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் வண்டியின் வயிறு உரசிற்று. ஆயினும் உரசுவது காதில் விழுகிற ஆபத்து. காதில் விழாத ஆபத்து வேறொன்று இருந்தது.

பூட்டிய மெக்கானிக் வண்டியை ஒப்படைக்கும்போதே, "அலைன்மெண்ட் மட்டும் பார்த்து விடுங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினார். அந்தக் காரியத்தை மைத்துனனிடம் விட்டேன். அவனும் போய்ப் பணம் கொடுத்து ரசீதுடன் திரும்பினான். மூன்று மாதம் கழித்து அந்த ரசீதைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான், அவன் செய்து வந்தது அலைன்மெண்ட் அல்ல, வீல் பாலன்ஸிங் என்று தெரிந்தது. கடைப் பலகைகளில் இரண்டு பெயரையும் சேர்த்தே எழுதுவதால் அநேகர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள். பாலன்ஸிங் என்பது சக்கரத்தைத் தனியே கழற்றிச் சுழற்றி, எடை குறைந்த இடத்தில் சிறு ஈயத்துண்டு ஒட்டுவது. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அதற்கு மருந்து. அலைன்மெண்ட் என்பது நாலு சக்கரங்களும் வண்டியில் எந்தச் சாய்வில் நிற்கின்றன, எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று அளந்து திருத்துவது. தலைவலிக்கும் தலை வகிடுக்கும் உள்ள சம்பந்தந்தான் இரண்டுக்கும்.

இதை அறியாமல் மூன்று மாதத்தில் நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டினோம். வண்டி நேராகவே ஓடிற்று, ஸ்டீயரிங் நடுங்கவில்லை. கார்த்திகை மாதத்தில் திருச்சியில் ஒரு கல்யாணம். தாயாரையும் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக் கொண்டு போய், திரும்பி வரும் வழியில் திண்டிவனம் தாண்டியதும் நல்ல மழை பிடித்துக் கொண்டது. அச்சிறுபாக்கத்துக்கு அருகில் இடது முன் சக்கரத்தில் காற்று இறங்கிற்று. சபித்துக் கொண்டே ஓரமாக நிறுத்தினேன். அந்த ஆணியை இன்று நினைத்தால் அதற்கு ஒரு நமஸ்காரம் செய்யத் தோன்றுகிறது.

பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி உருட்டியவர், பாதியில் நின்று அதன் மறுபுறத்தை என் பக்கம் திருப்பினார்.

"ஸார், இதைக் கொஞ்சம் பாருங்க."

நான் தினந்தோறும் பார்க்கும் வெளிப்புறத்தில் வரிப் பள்ளங்கள் புதிது போல் இருந்தன. உட்புறத்து ஓரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. மொட்டைத் தலை போல் வழவழவென்று இருந்தது. ஓரிடத்தில் ரப்பருக்கு அடியில் இருக்க வேண்டிய கம்பி எட்டிப் பார்த்தது. வரிப் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் டயரை மாற்ற வேண்டும் என்பது விதி. அங்கே அளப்பதற்குப் பள்ளமே இருக்கவில்லை. வலது சக்கரமும் அதே கதிதான்.

"உள்ளே யார் யார் இருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் மழையைப் பார்த்தார்.

ஒரு பக்கத்தில் ஸ்டெப்னியையும் மறு பக்கத்தில் அவரிடமே வாங்கிய ஒரு டயரையும் போட்டுக் கொண்டு, மணிக்கு ஐம்பதுக்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தோம். "சக்கரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்று உண்டென்று உங்களுக்குத் தெரியாதா?" என்று என் மனைவி கேட்டதற்கு இன்று வரையில் தக்க பதில் கிடைக்கவில்லை.

ஒன்றரை அங்குலம் தாழ்ந்ததற்கும் டயர் தேய்ந்ததற்கும் என்ன சம்பந்தம்? நேயர்கள் ஒரு நிமிஷம் என்னுடன் வண்டியின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்புறம், மக்பர்ஸன் என்ற அமெரிக்க இஞ்சினீயரின் பெயர் பெற்ற அமைப்பு. 1950-இல் இங்கிலாந்தில் வெளிவந்த போர்டு கான்ஸல், ஸெபிர் வண்டிகளில் அது இடம் பெற்றது. ஷாக் அப்ஸார்பரே தூண் போல் நின்று சக்கரத்தைத் தாங்கும். அடியில் லோயர் ஆர்ம் என்னும் கை ஒன்று குறுக்கே பிடித்திருக்கும். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் டை ராடு மற்றொரு கை போல் சக்கரத்தைத் திருப்பும். இந்த இரண்டு கைகளும் ஒரே நீளமல்ல, ஒரே இடத்தில் பிறந்தவையும் அல்ல. வண்டி தாழும்போது இரண்டும் வெவ்வேறு வட்டத்தில் நகர்கின்றன. ஆகவே, தொழிற்சாலையில் நேராக நிறுத்தி வைத்த சக்கரம் சற்றே கோணலாகப் பார்க்கத் தொடங்குகிறது. சக்கரங்களின் முன்பக்கம் ஒன்றை விட்டு ஒன்று விலகியோ நெருங்கியோ நிற்பதை "டோ" என்கிறார்கள். மனிதர்கள் பாதங்களை அகட்டி நடப்பது, உள்நோக்கி வைத்து நடப்பது போல. சக்கரத்தின் தலை உள்ளே சாய்வதும் வெளியே சாய்வதும் "கேம்பர்". தாழ்த்திய வண்டியில் தலை உள்ளே சாயும். எங்கள் வண்டியில் டோவும் அகட்டலாகி விட்டது. "காஸ்டர்" என்று மூன்றாவது ஒன்று உண்டு. சைக்கிளின் முன் கவை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதே, அதைப் போன்றது. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது பெரும்பாலும் அதன் உபகாரம். டயரைத் தின்பது அது அல்ல.

தாழ்த்தாமல் அதே உயரத்துக்குப் புதுச் சாமான் போட்டாலும் விடுதலை இல்லை. ஷாக் அப்ஸார்பரைச் சக்கரத்தோடு பிணைப்பவை இரண்டே போல்ட்டுகள். அந்தத் துவாரங்களில் இருக்கும் இம்மி இடைவெளி போதும், கழற்றிப் பூட்டும்போது கேம்பர் மாறுவதற்கு.

டயரைத் தின்னும் உண்மையான ராட்சசன் டோதான். பிற்பாடு அளந்தபோது எங்கள் முன் சக்கரம் ஒவ்வொன்றும் 0.3 டிகிரி வெளியே பார்த்திருந்தது. 0.3 டிகிரி என்பதைக் கண்ணால் பார்த்து எவரும் சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோமீட்டர் உருளும்போது அந்தச் சக்கரம் சுமார் 5.2 மீட்டர் பக்கவாட்டில் இழுக்கப்படுகிறது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர்! சென்னைக் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து பல்லாவரம் வரையில் டயரைக் குறுக்கே போட்டு இழுத்துக் கொண்டு போனதற்குச் சமம். தலை உள்ளே சாய்ந்திருந்ததால் அந்தத் தேய்மானம் முழுவதும் உட்புற ஓரத்தின் மீதே விழுந்தது.

பின், வண்டி நேராக ஓடியது எப்படி? இதுதான் விஷயத்தின் ஸ்வாரஸ்யமான பகுதி. இரு பக்கமும் சமமாக அகட்டியிருந்தால் ஒன்றின் இழுப்பை மற்றொன்று ஈடு செய்து விடுகிறது. அன்றியும், எங்கள் வண்டியின் இடது சக்கரம் 1.8 டிகிரியும் வலது சக்கரம் 1 டிகிரியும் உள்ளே சாய்ந்திருந்தன. இந்த வித்தியாசம் வண்டியை வலது பக்கம் இழுக்கும். நாமோ சாலையின் இடது பாதியில் போகிறோம். தண்ணீர் வடிவதற்காகச் சாலை அங்கே இடப்புறம் சரிந்திருக்கிறது. ஒரு கோணல் மற்றொரு கோணலை மறைத்து விட்டது! "வண்டி நேராகத்தானே போகிறது" என்பதைப் போல ஏமாற்றும் சாட்சி வேறில்லை.

இம்முறை அலைன்மெண்டுக்கு நானே போனேன். முதலில் நுழைந்த கடையில் ஒரு பையன் டயரில் காற்றுக்கூடப் பார்க்காமல், பின் சக்கரங்களைத் திரும்பியும் பாராமல், முன் டோவை மட்டும் திருக ஆயத்தமானான். அவசரமாக வேலை இருக்கிறது என்று சொல்லி வெளியே வந்து விட்டேன். இரண்டாவது இடத்தில் ஒரு பெரியவர். வண்டியைத் தொடும் முன்பே, "புது ஸ்பிரிங்கா? எத்தனை தூரம் ஓடிற்று?" என்று கேட்டார். நாலாயிரம் என்றதும், "அதற்குள் படிந்திருக்கும், நல்லது" என்றார். புதுச் சாமான் பூட்டியவுடன் ஒரு முறை பார்த்து விட வேண்டும். சில நூறு கிலோமீட்டரில் ஸ்பிரிங் படிந்த பிறகு மற்றொரு முறை பார்க்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம்.

அடுத்தபடி அவர் செய்த காரியம் எனக்குப் புதிது. வண்டியைக் குழியின் மேல் சக்கரங்களில் நிறுத்தியபடியே லோயர் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி மறுபடியும் இறுக்கினார். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கி விட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் புஷ், வண்டி கீழே இறங்கியதும் முறுக்கிக் கொண்டே நிற்குமாம்; வண்டி தன் உயரத்தில் நில்லாது, புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். பூட்டியவர் அப்படித்தான் செய்திருந்தார். இதைத் திருத்தாமல் அளப்பது, முதுகை வளைத்து நிற்பவனுக்குச் சட்டை அளவு எடுப்பது போன்றது.

பிறகு காற்று பார்த்தார். ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தி ஒரு சட்டத்தால் பூட்டினார். நாலு சக்கரங்களிலும் பலகைகளை மாட்டி, வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டியதும், எதிரே இருந்த காமிராக்கள் கண்டதெல்லாம் திரையில் எண்களாக வந்தன. முதலில் பின்புறம், பிறகு முன் கேம்பர், கடைசியில்தான் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறும் என்பதால் இந்த வரிசை. இடது பக்கத்தில் ஒரு போல்ட்டை எடுத்து விட்டு, திருகினால் சக்கரத்தைச் சாய்த்து நிமிர்த்தக் கூடிய கோணல் போல்ட் ஒன்றைப் போட்டு 1.1 டிகிரிக்குக் கொண்டு வந்தார். டோ இரு பக்கமும் ஏறக்குறைய பூஜ்யத்தில் நின்றது. வழுக்குவதைத் தடுக்கும் மின்னணுச் சாதனம் உள்ள புது வண்டியாக இருந்தால், ஸ்டீயரிங்கின் நேர் நிலை எது என்று அதற்கும் புதிதாகக் கற்பித்தாக வேண்டும் என்று போகிற போக்கில் சொன்னார். எங்கள் பன்னிரண்டு வயதுக்காரனுக்கு அவ்வளவு படிப்பில்லை.

முன்னும் பின்னும் அளந்த எண்களைக் காகிதத்தில் அச்சடித்துத் தரும்படி கேட்டேன். கேட்டவுடன் தந்தார். கேட்டும் தராத கடையில் என்ன அளந்தார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை மைத்துனனிடம் நீட்டினேன். வெகு நேரம் அதைப் பார்த்தான்.

"அத்தான், சிவப்பில் இருந்த எண்ணெல்லாம் பச்சையாகி விட்டதே!"

"ஆமாம். ஆயிரம் கிலோமீட்டர் கழித்து மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும். நீதான் போகிறாய். போவதற்கு முன் பலகையில் எழுதியிருப்பதை முழுவதும் படி" என்றேன்.

வாசலில் குழந்தை தரையில் உட்கார்ந்து, முன் சக்கரத்தின் உட்புறத்தில் கையை விட்டுத் தடவிக் கொண்டிருந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். பாட்டியாம்.