அட்டையில் ஒட்டிய உமிக்கரி

தை மாதம் சம்பா அறுவடை மும்முரமாகும்போது, தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் சாலையோர வயல்களில் புகை எழுவதைப் பார்க்கலாம். பஞ்சாப் அளவுக்கு இங்கே தாள் கொளுத்துவதில்லை. வைக்கோல் மாட்டுக்கு வேண்டும். ஆனாலும் அங்கங்கே எரிகிறது. அந்தப் புகைக்குள் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் காற்று மாசு எங்கே என்று கேட்டால், ‘டெல்லியில்’ என்று பதில் வரும்.

பிள்ளைமேல் தப்பில்லை. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-லேயே உத்தரவிட்டது. பாடம் நடத்தும்போது முதலில் கைக்கு வருவது ஆலைப் புகைபோக்கிப் படமும் நகரத்து நெரிசலும்தான். டெல்டாப் பிள்ளைக்கு இரண்டுமே வெளியூர்ச் சமாச்சாரம். அவர்கள் தெருவில் மாசு என்பது ரைஸ்மில்லிலிருந்து பறந்துவந்து கொடித்துணியில் படியும் உமிக்கரி, அறுவடை மிஷின் கிளப்பும் தூசு, விறகடுப்பு. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதற்குப் பெரிய செலவில்லை. வெள்ளை அட்டைகளில் கட்டம் போட்டு, மேலே வாசலினை மெல்லிசாகப் பூசி, ஒன்றை வகுப்பு ஜன்னலிலும் ஒன்றை ரைஸ்மில் பக்கத்திலும் ஒன்றைக் குளக்கரையிலும் கட்டிவிடலாம். இரண்டு நாள் கழித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கறுப்பாக உமிக்கரி, பழுப்பாக நெல் சுணை, சாம்பல் பொடி எல்லாம் ஒட்டியிருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடக் கட்டம் கட்டமாக எண்ணிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. அட்டையில் தெரிவது பெரிய துகள்; அதில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையுமே தடுத்துவிடும். வைக்கோல் புகையில் மிகுந்திருப்பது 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள், தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அது நுரையீரலின் அடிவரை போகும். இது தெரியாத பிள்ளை, அட்டை வெள்ளையாக இருந்தால் காற்றும் சுத்தம் என்று நினைத்துக்கொள்ளும்.

15 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் உலகெங்கும் 93 சதவீதம் பேர் மாசுக் காற்றைச் சுவாசிப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னது. சின்னப் பிள்ளைக்கு இந்த எண் ஏறாது. நெஞ்சில் கைவைத்து ஒரு நிமிஷ மூச்சை எண்ணச் சொன்னால் ஏறும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை. ஐந்து வயதில் 20-க்கு மேல். மூச்சு வேகமானால் உள்ளே போகும் மாசும் கூடும்.

இப்படிப் பக்கத்தில் இருப்பதிலிருந்தே கற்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. காரணம் கண்ணெதிரே கண்மாயில் கூடு கட்டியிருக்கிறது.

வயல் புகை விஷயம் இன்னும் சிக்கலானது. கொளுத்துகிறவர் பல நேரம் அந்தப் பிள்ளையின் அப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார். அவரைக் குற்றவாளியாக்கும் பாடம் வீட்டில் எடுபடாது. அது நியாயமும் இல்லை. மிஷின் அறுத்தால் வைக்கோல் வயல் முழுக்கச் சிதறிக் கிடக்கும். வீட்டில் மாடு குறைந்துவிட்டது. அடுத்த பயிருக்கு நாளும் இல்லை. இதையும் வகுப்பில் பேச வேண்டும். பிறகு ஒரு கணக்குப் போடலாம். ஒரு டன் வைக்கோலில் சுமார் ஐந்தரைக் கிலோ தழைச்சத்து இருக்கிறது. கொளுத்தினால் அது புகையோடு போய்விடும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். அப்படியானால் போனது ஏறக்குறைய 12 கிலோ யூரியா. இந்தக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளை, வைக்கோல் கட்டும் மிஷினுக்கு வாடகை எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டு, அதையும் பக்கத்திலேயே எழுதட்டும்.