பட்டியலில் இடமில்லாத சாட்சி

பருவத் தேர்வு நெருங்கும்போது திருச்செந்தூர் ஜெராக்ஸ் கடைகளில் ஒரே பேச்சுதான். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டாச்சா? எழுத்து 12 புள்ளியா? ஸ்பைரல் பைண்டிங் போதுமா, காலிகோ போட்டுப் பொன்னெழுத்து அடிக்கணுமா? ஆலந்தலையிலிருந்தும் வீரபாண்டியன்பட்டினத்திலிருந்தும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் ஆய்வேடு இந்தக் கேள்விகளைத் தாண்டித்தான் துறைத்தலைவரின் மேசைக்குப் போகிறது. துணைநூற்பட்டியலில் ஒரு முற்றுப்புள்ளி இடம் மாறினால் சிவப்பு மை விழும். உள்ளே சொன்ன செய்திக்கு என்னம்மா ஆதாரம் என்று கேட்கும் நெறியாளர் வாய்ப்பது பிள்ளையின் அதிர்ஷ்டம்.

வேதம்போல ஓதப்படும் இந்த விதிகளுக்கு வயது அதிகமில்லை. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கத்தை 1881இல் ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் கையாண்டார்; கட்டுரையின் பொருள், ஓடில்லாத தோட்ட நத்தையின் முட்டை. சிகாகோ கையேடு 1906இல் வந்தது. இன்று எல்லாத் துறைகளும் ஏபிஏ என்று உச்சரிக்கும் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை 1929இல் ஏழே பக்கத்தில் அடங்கியது. 2019இல் வெளியான ஏழாம் பதிப்பு நானூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது.

ஒழுங்கு நமக்கும் புதிதல்ல. ஆக்கியவர் யார், நூல் எந்த வழியில் வந்தது, எங்கே வழங்குவது, கேட்போர் யார், பயன் என்ன என்பதையெல்லாம் பாயிரத்தில் சொல்லியாக வேண்டும் என்கிறது 13ஆம் நூற்றாண்டு நன்னூல். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்களை அவர் மறைக்கவில்லை. வாசிப்பவர் தாமே சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று எடுத்துக் காட்டினார். ஓரத்தில் எத்தனை அங்குலம் விட்டார் என்று யாரும் அளந்து பார்த்ததில்லை.

ஆலந்தலையும் வீரபாண்டியன்பட்டினமும் இருக்கும் முத்துக்குளித்துறைக்கும் அச்சுக்கும் பழைய உறவு உண்டு. 1578இல் கொல்லத்தில் அண்ட்ரிக் அடிகளார் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலை அச்சிட்டபோது அந்தச் செலவில் இக்கரைப் பரதவரின் பணமும் இருந்தது. அதே போர்த்துக்கீசியத் தொடர்பு பெர்னாண்டோ, ரொட்ரிகோ, கொரைரா என்று குடும்பப் பெயர்களையும் விட்டுப்போனது. குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்லும் மேற்கத்திய விதி, தந்தை பெயரின் முதலெழுத்தோடு வாழும் மற்றத் தமிழர்களைப் பாடாய்ப் படுத்தும். மகள் எழுதியது அப்பா பெயரில் போய்ச் சேரும். ஆலந்தலைப் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. என்ன, பட்டியலில் பெர்னாண்டோக்கள் வரிசைகட்டி நிற்பார்கள்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய சிக்கல். இன்னொன்று அப்படியல்ல. முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் சென்னை அரசுக்கு 1905இல் கொடுத்த அறிக்கை அவளுக்குக் கிடைக்கிறது. ‘ஹார்னெல், 1905’ என்று பட்டியலில் ஏற்றுகிறாள், மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் தொள்ளாயிரம் பார் என்பது ஹார்னெல் வைத்த பெயரா? கடலடியில் சிப்பி விளையும் அந்தப் பாறைத்திட்டுகளுக்குப் பெயர் வைத்தவர்கள் கல்லோடு இறங்கி மூச்சடக்கிச் சிப்பி அள்ளிய குளியாளிகளும், அவர்களை ஏற்றிப்போன வள்ளக்காரர்களும்தான். கரையில் தெரியும் அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்படுத்திக் கடலில் இடம் பிடித்தவர்கள் அவர்கள். அந்த அறிவைக் கேட்டு எழுதியவருக்கு ஆண்டும் பக்க எண்ணும் உண்டு, சொன்னவருக்கு இல்லை.

மாணவி தன் தெருவிலேயே ஒரு தாத்தாவிடம் உட்கார்ந்து இதையே கேட்டு எழுதினாலும் கதி அதுதான். நேரில் கேட்டதைக் கட்டுரைக்குள் ‘தனிப்பட்ட தொடர்பு’ என்று குறித்துவிட்டுப் போ, பட்டியலில் சேர்க்காதே என்கிறது ஏபிஏ. அதற்கு அது சொல்லும் காரணம் நியாயமானது: வாசிப்பவர் தேடிப்போய்ச் சரிபார்க்க முடியாததைப் பட்டியலில் போட்டு என்ன பயன்? நவீன மொழிச் சங்கத்தின் எம்எல்ஏ முறை நேர்காணலைப் பட்டியலிலேயே சேர்க்கிறது. இதைச் சொல்லித் தராமல், ‘அதெல்லாம் போடக்கூடாதும்மா’ என்று அடித்துவிடும்போது அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: தாத்தா சொன்னது ஆதாரம் ஆகாது.

ஆனால் அதே ஏபிஏ, ஆவணக் காப்பகத்தில் கிடைக்கும் நேர்காணலைப் பட்டியலில் சேர்க்கத் தடை சொல்வதில்லை. ஆகவே பழுது விதியில் இல்லை. பதிவை வைக்க நாம் ஒரு அலமாரிகூட ஒதுக்காததில் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த ஒலிப்பதிவு, சொன்னவரின் சம்மதக் கடிதம், தேதி, இடம், ஒரு பதிவு எண் இருந்தால் போதும். கல்லூரி நூலகத்தில் அதை ஒப்படைத்த பிறகு யாரும் போய்க் கேட்கலாம். குளியாளி ஹார்னெலுக்குப் பக்கத்திலேயே அகரவரிசையில் உட்காரலாம். துறைத்தலைவர்கள் கூடிப் பேசினால் ஒரு மதியத்தில் முடிவெடுத்துவிடக்கூடிய காரியம் இது. தள்ளிப்போடத்தான் நேரமில்லை. தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். அன்று இருபது வயதில் இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியிருப்பார். அடுத்த கல்வியாண்டின் முதல் ஆய்வேட்டுக்கு மார்ஜின் அளவைச் சொல்வதற்கு முன் இந்த ஒலிப்பதிவுகளுக்கு ஒரு பதிவேட்டைத் திறந்துவிட வேண்டும்.